நீங்க சொன்ன மாதிரியே

காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவர்களுக்கு லூப் ரெக்கார்டர் என்று ஒரு கருவி வைப்போம். டாக்டர், "சின்ன மெஷின்மா, தோலுக்கடியில வைப்போம், பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு, ஆஞ்சியோ செய்கிற கேத் லேபுக்குப் போய்விடுவார். மீதியை விளக்குவது டெக்னீஷியனான என் பாடு. மூன்று தடவை மயங்கி விழுந்து எங்களிடம் வந்த டீச்சரிடமும் வழக்கம்போலத்தான் பேசினேன். பேச்சு முடிகிற நேரத்தில் அவர் கேட்டார்:

"ஏம்மா, அப்ப நான் இன்னொரு தடவை விழணும்கிறியா?"

"ஆமா டீச்சர். இன்னொரு தடவை விழுந்தாத்தான் தெரியும்" என்றேன்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. லூப் ரெக்கார்டர் என்பதே அதற்குத்தான். அது வைத்தியம் செய்யாது, விழுவதைத் தடுக்காது. இதயத்துடிப்பை ஓயாமல் பதிந்துகொண்டே இருக்கும், பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றாலோ, ரொம்பக் குறைந்தாலோ, தாறுமாறாக ஓடினாலோ அந்தத் துண்டை மட்டும் தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும். மயக்கம் தெளிந்ததும் கையிலிருக்கும் பட்டனை அழுத்தினால், அதற்கு முந்தைய சில நிமிடங்களையும் எடுத்து வைக்கும். அடுத்த மயக்கம் வராவிட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. இதை மழுப்பிச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் என்னத்தை மழுப்புவது?

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே சுற்றுவழிதான். முதல் தடவை வகுப்பில், போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது. வெயில், காலையில் சாப்பிடவில்லை, சர்க்கரை குறைந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்லி விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை ஒரு கல்யாண வீட்டில். அப்போது கையும் காலும் வெட்டியிருக்கிறது. சுற்றி நின்ற ஐம்பது பேரும் 'வலிப்பு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். யாரோ ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாவிதான் காப்பாற்றியது என்று ஊரே நம்பியது. அப்புறம் ஃபிட்ஸ் மாத்திரை. தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள், மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இஇஜி எடுத்தார்கள், இரண்டிலும் ஒன்றும் இல்லை. மாத்திரை மட்டும் தொடர்ந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது தடவையும் விழுந்தார்.

மூளைக்கு ரத்தம் போவது சில வினாடிகள் நின்றால் போதும், நினைவு போய்விடும். அந்த நேரத்தில் கைகால் வெட்டுவது சர்வசாதாரணம். 1994-இல் ஜெர்மன் மருத்துவர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை வேண்டுமென்றே மயங்கவைத்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். முழுமையாக மயங்கிய 42 பேரில் 90 சதவீதம் பேருக்கு அந்த வெட்டல் வந்தது. ஒருவருக்கும் வலிப்பு நோய் கிடையாது. 2000-இல் மான்செஸ்டரில், வலிப்பு என்று முத்திரை குத்தப்பட்டு மாத்திரைக்குச் சரிவராத அல்லது சந்தேகத்துக்குரிய 74 பேரை இதயப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். அதில் 31 பேருக்கு வேறு காரணம் கிடைத்தது. இதெல்லாம் டாக்டர் எங்களுக்கு வகுப்பெடுக்கும்போது சொன்னவை. கல்யாண வீட்டுச் சாவிக்கொத்துக்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. மாத்திரை எழுதியவருக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்கும் ஒரு நாளைக்கு நூறு பேர் ஓபியில் நிற்பார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வந்தபோது ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட். இசிஜி நார்மல், எக்கோ நார்மல், உடம்பில் மாட்டி 24 மணிநேரம் துடிப்பைப் பதிகிற ஹோல்டர் நார்மல், மேஜையோடு நிமிர்த்தி வைத்து மயக்கம் வருகிறதா என்று பார்க்கிற டில்ட் டெஸ்ட் நார்மல். இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2011-இல் வெளியான பிக்சர் என்ற ஐரோப்பிய ஆய்வில், லூப் ரெக்கார்டர் வரை வந்தவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்பே 13 பரிசோதனைக்குக் குறையாமல் செய்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை மயங்குகிறவருக்கு 24 மணிநேரம் ஹோல்டர் மாட்டிப் பார்ப்பதில் என்ன தெரியப்போகிறது? மாட்டிய அன்றைக்கே மயங்கினால்தான் உண்டு. கனடாவில் லண்டன் என்ற ஊரில் க்ரான், க்ளைன் என்ற மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள். 60 பேரில் பாதிப்பேருக்கு இந்தக் கருவி, பாதிப்பேருக்கு வழக்கமான பரிசோதனைகள். கருவி வைத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குக் காரணம் தெரிந்தது, மற்றவர்களில் 20 சதவீதம். ஆக, அந்த அம்மாவுக்கு அதை வைத்ததில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

குழப்பமெல்லாம் அந்த ஒரு பதிலில்தான்.

அவருடைய வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். பைசா சுத்தமாகக் கேட்பார். "சார், இது சிசிடிவி மாதிரி" என்று நான் ஆரம்பித்ததும் மடக்கினார். "சிசிடிவி திருடனைப் பிடிக்காதேம்மா, படந்தானே பிடிக்கும்? அப்ப திருடன் வந்தே ஆகணுமே." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து, ஒன்றுமே செய்யாத ஒரு சாமானை வாங்குகிறோமா என்பது அவர் கேள்வி. "நேரா பேஸ்மேக்கரே வச்சிரலாமே?" என்றும் கேட்டார். நல்ல கேள்விதான். இதயம் நின்றுதான் மயங்குகிறார் என்று தெரிந்தால், மின்தூண்டல் கொடுத்துத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் வைக்கலாம். ரத்த அழுத்தம் மட்டும் விழுந்து மயங்குகிறவருக்கு வைத்தால் பேஸ்மேக்கரோடு விழுவார். அதைச் சொன்னேன். டீச்சர் அதுவரை பேசவே இல்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் பேசுவதைப் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் 'ஆமா' என்றதும் அவர் முகத்தில் பயம் எதுவும் வரவில்லை. "சரி" என்றார். புரிந்துகொண்ட 'சரி'. அன்றைக்கு எனக்கு அது பெரிய திருப்தி. இவ்வளவு தெளிவாகக் கேட்டு ஒப்புக்கொண்டவர்கள் குறைவு என்று சிஸ்டரிடம்கூடச் சொன்னேன்.

கருவி வைத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலரை சென்டிமீட்டர் நீளம், இரண்டரை கிராம் எடை. இடது மார்பெலும்புக்குப் பக்கத்தில் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெட்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பட்டன் எப்படி அழுத்துவது என்று வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை செய்துகாட்டினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற பெட்டி ராத்திரியில் தானாகவே எங்களுக்குத் தகவல் அனுப்பும். செய்யக்கூடாதவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஸ்கூட்டி ஓட்டக்கூடாது, பாத்ரூமில் தாழ்ப்பாள் போடக்கூடாது, ஸ்டூல் மேல் ஏறக்கூடாது, மாடிப்படியில் கைப்பிடியை விடக்கூடாது. இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி என்று எழுதினேன். நிச்சயமாக எழுதினேன்.

அடுத்தடுத்த செக்கப்புகளில் அவர் சொன்னதுதான் இப்போது உறுத்துகிறது. முதல் தடவை வந்தபோது, "ஒண்ணும் வரலைம்மா" என்றார், சந்தோஷமாக. அதற்கடுத்து வந்தபோது, "இன்னும் வரலைம்மா" என்றார். குரலில் ஒரு சங்கடம், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தொனி. "பரவால்ல டீச்சர், பேட்டரி மூணு வருஷம் வரும்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். சிஸ்டரும் கூடச் சேர்ந்து, "அவசரமே இல்லம்மா" என்றார். மூவரும் சிரித்தோம். என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பட்டியலின் உச்சியில் அவர் பெயர், பக்கத்தில் சிவப்புக் குறி. திறந்தேன். முதலில் ஒழுங்கான துடிப்பு. அப்புறம் ஒரு துடிப்பு விடுபட்டது. அதன்பிறகு மேலறையின் சின்னச் சின்ன மேடுகள் மட்டும் வரிசையாகப் போகின்றன, கீழறையிலிருந்து பதிலே இல்லை. மேலே மின்சாரம் உற்பத்தியாகிறது, கீழே வந்து சேரவில்லை. இதற்குப் பெயர்தான் ஏவி பிளாக். கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஏழெட்டு வினாடி தாண்டியதும் திடீரென்று ஒரு பெரிய அலைவு. அது அவர் தரையில் விழுந்த இடமாக இருக்கலாம். அதையடுத்து ரம்பப்பல் மாதிரி கிறுக்கல். அது தசைகள் வெட்டுவது. எல்லோரும் வலிப்பு என்றார்களே, அதுதான். 11-ஆவது வினாடியில் ஒரு அகலமான துடிப்பு, பிறகு இன்னொன்று, பிறகு மெதுவாக ஒழுங்கு.

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன். அறையிலிருந்த ஜூனியர் பையன் எழுந்து ஓடிவந்தான். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது, ஒரு கட்டைவிரலோடு. நாங்கள் கெட்டவர்கள் இல்லை. இவ்வளவு தெளிவான பதிவு எப்போதாவதுதான் கிடைக்கும். பெரும்பாலும் எலக்ட்ரோடு சரியாகத் தொடாமல் கருவியே ஏமாந்துபோய் 'நின்றுவிட்டது' என்று கூவும், நாங்கள் உட்கார்ந்து பொய் எது மெய் எது என்று பிரித்துக்கொண்டிருப்போம். இதில் மேலறைத் துடிப்பு தனியாகத் தெரிகிறது, சந்தேகத்துக்கே இடமில்லை. இனி அவருக்கு வைத்தியம் உண்டு. அந்தச் சந்தோஷத்தில்தான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

வீட்டுக்காரர் எடுத்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள், "நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. நேத்து ஸ்கூல் மாடிப்படியில விழுந்துட்டா. மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு, கட்டுப் போட்டு இப்பத்தான் கூட்டியாந்தேன்" என்றார். அப்புறம் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே விழுந்துட்டா."

கோபமே இல்லை அவர் குரலில். கணக்கு டேலி ஆனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பட்டன் ஸ்டாஃப் ரூம் மேஜை டிராயரில் இருந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் இந்தத் தடவையும் சாவிக்கொத்தைத்தான் தேடினார்களாம். கருவி தானாகப் பதிந்ததால் தப்பித்தோம்.

என் அம்மாவிடம் சொன்னால் 'கரிநாக்கு' என்பார். சின்ன வயதில் நான் யாரையாவது "விழப்போறே பாரு" என்று சொல்லி, அந்தப் பிள்ளை விழுந்தால், விழுந்த பிள்ளையை விட்டுவிட்டு எனக்குத்தான் அடி விழும். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. என் வாயால் யாருக்கும் ஏவி பிளாக் வராது. அது இதயத்தின் மின்பாதையில் இருக்கிற கோளாறு. நான் 'ஆமா' என்றாலும் 'இல்லை' என்றாலும் அது வந்திருக்கும்.

இதெல்லாம் தெரிந்தும், வீட்டுக்காரர் பிறகு நேரில் வந்தபோது சொன்ன ஒன்றைக் கடந்துபோக முடியவில்லை. "கொஞ்ச நாளாவே படி ஏறும்போது கைப்பிடியப் பிடிக்கிறதில்லம்மா. கேட்டா, 'எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் பயந்துக்கிட்டே இருக்கிறது'ங்கிறா." இது சலிப்பாக இருக்கலாம். பல மாதம் ஒன்றும் நடக்காவிட்டால் யாருக்கும் கவனம் தளரும்தான். அல்லது அவர் மனதுக்குள் எங்கேயோ, வந்து தொலையட்டும், முடிந்துவிடட்டும் என்று இருந்ததா? இன்னும் வரலைம்மா என்று என்னிடம் சங்கடப்பட்டவர் அவர். விழுவது அவர் முடிக்க வேண்டிய வேலை என்று நான் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ? அவரிடம் கேட்கலாம். செக்கப்புக்கு வரத்தான் செய்கிறார். கேட்கவில்லை. கேட்டு, 'சேச்சே, அப்படியெல்லாம் இல்ல' என்று அவர் சொன்னால் நான் நம்பவும் போவதில்லை.

இன்னொரு பக்கம், நான் மழுப்பியிருந்தால்? "ஒண்ணும் ஆகாது டீச்சர், தைரியமா இருங்க" என்று சொல்லியிருந்தால் கைப்பிடியை இன்னும் சீக்கிரமே விட்டிருப்பார். மணிக்கட்டுக்குப் பதில் தலை அடிபட்டிருக்கும். அப்போதும் இந்த மாதிரி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன், வேறு காரணத்துக்காக.

டாக்டரிடம் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னேன். அவருக்கு நான் ஏன் இதை இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதே புரியவில்லை. "ஆபத்தான அறிகுறி இருந்தா நாம காத்திருக்கவே மாட்டோம். இசிஜி, எக்கோ ரெண்டும் சுத்தமா இருந்ததாலதானே காத்திருந்தோம்? கைட்லைன்ல இருக்கு" என்றார். இருக்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், இப்படிப்பட்டவர்களுக்கு இதை ஆரம்பத்திலேயே வைக்கச் சொல்கிறது, எல்லாப் பரிசோதனையும் தீர்ந்தபிறகு கடைசியில் அல்ல. இன்னும் முன்னால் வைத்திருந்தால் இவ்வளவு நாள் ஃபிட்ஸ் மாத்திரையே சாப்பிட்டிருக்க வேண்டாம். டாக்டர் சொல்வதில் ஓட்டையே இல்லை. அவர் காத்திருப்பதைப் பற்றிப் பேசினார், நான் காத்திருக்கச் சொன்ன விதத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டும் ஒன்றேதானோ என்னவோ.

பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. லூப் ரெக்கார்டரை அதே நாளில் எடுத்துவிட்டோம். நரம்பியல் டாக்டர் ஃபிட்ஸ் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அதற்கப்புறம் டீச்சர் விழவில்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு, மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். "வலிப்பு இல்லைன்னு டாக்டர் லெட்டர் பேடுல எழுதித் தருவாராம்மா?" பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டு இடத்தில் பேசி முடியும் நேரத்தில், அம்மாவுக்கு வலிப்பு என்று கேள்விப்பட்டு ஒதுங்கிவிட்டார்கள். "இருதயத்துல மெஷின் இருக்குன்னு சொல்லிக்கலாம். அது கௌரவம்தான். வலிப்புன்னா குடும்பத்தையே ஒரு மாதிரி பார்ப்பாங்க." வலிப்பு உள்ளவர்களை அப்படிப் பார்ப்பதும் அநியாயம்தானே என்று எனக்குள் ஓடியது. அவரிடம் அதைச் சொல்லும் நேரமில்லை அது. டாக்டர் எழுதிக் கொடுத்தார், சீல் போட்டு. அந்தத் தாளை அவர் இரண்டு தடவை வாசித்தார். அந்த 11 வினாடிப் பதிவை நான் பிரிண்ட் எடுத்துக் காட்டியபோது ஒரு பார்வைதான் பார்த்தார்.

அந்தக் காகிதத்துக்காகத்தான் அவர் விழக் காத்திருந்தாரோ என்று தோன்றும் சில சமயம். அப்படியென்றால் என் பதிலுக்கு அவர் சொன்ன 'சரி'யில் நான் அறியாத ஒரு கணக்கு இருந்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் வசதியான எண்ணம் என்பதால் இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நேர்மாறாக ஒருவர் இருக்கிறார். அரிசி மண்டி வைத்திருக்கும் பெரியவர். இரண்டு தடவை மயங்கி விழுந்து, கருவி வைத்து, பேட்டரி தீரும்வரை ஒன்றுமே வரவில்லை. மயக்கத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு, காரணம் சொல்லாமல் வரும், சொல்லாமல் நின்றும்விடும். எடுக்க வந்த அன்று, "இந்த மெஷின் வச்சதுல இருந்து உடம்பு கணக்காயிருச்சும்மா. புதுசு ஒண்ணு வச்சிருங்களேன்" என்றார். இது வைத்தியம் இல்லை என்று ஆரம்பத்தில் அவரிடமும் சொன்னோம். அன்றைக்கு மறுபடி சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட கேட்டுக்கங்கய்யா" என்றேன். டீச்சரிடம் அவ்வளவு கறாராக இருந்தவள் இவரிடம் ஏன் விட்டுக்கொடுத்தேன்? நிம்மதியாக இருக்கிறவரை எதற்குக் கலைப்பது என்றுதான். அதே நியாயம் டீச்சருக்கும் பொருந்தும். பொருந்தாது. அவர் நேராகக் கேட்டார், இவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொருவருக்கு வைக்கிறோம். வாடகை வேன் ஓட்டுகிறவர். கருவி பதில் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று. எத்தனை நாள் என்று அவர் மனைவி கேட்டார், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை அதை நீங்களே உட்கார்ந்து பேசிவிடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். சரி என்றார். ஆனால் அன்றைக்கு ஆஞ்சியோ லிஸ்ட்டில் ஏற்கெனவே பதினொரு பேர் இருக்கிறார்கள். நானும் டியூட்டியில்தான் இருப்பேன்.